யார் பேருக்கும் பட்டா இல்லாத ஆட்டக்காரர்



கால்பந்து வினாடி வினாக்களில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி ஒன்று உண்டு. உலகக் கோப்பையில் இரண்டு வெவ்வேறு நாடுகளுக்காகக் கோல் அடித்தவர் யார்? 2022 வரை நடந்த போட்டிகளைக் கணக்கில் எடுத்தால் விடை ஒருவர்தான்: ராபர்ட் ப்ரொசினெச்கி. 1990-ல் இத்தாலியில், யூகோஸ்லாவியாவுக்காக, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக ஒரு கோல். 1998-ல் பிரான்சில், குரோஷியாவுக்காக, ஜமைக்காவுக்கு எதிராக ஒன்று, நெதர்லாந்துக்கு எதிராக இன்னொன்று.

இந்தக் கேள்வியால் அவர் பெயரைத் தெரிந்துகொண்டவர்கள் சிலர். கைபேசியில் ஓடும் துண்டுக் காட்சிகளால் தெரிந்துகொண்டவர்கள் அதைவிட அதிகம். வெளிறிய மஞ்சள் முடி, தொளதொளவென்று ஒரு சட்டை, காலடியில் பந்து. எதிரணி ஆள் நெருங்குகிறார். இவர் பந்தை அடிக்கப்போவது போலக் காலை ஓங்குகிறார், அடிக்காமல் உள்ளங்காலால் பின்னுக்கு இழுக்கிறார், வந்தவர் வந்த வேகத்தில் எங்கோ போய்விடுகிறார். இருபது வினாடிகூட இருக்காது. முடிந்ததும் அதுவே மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது.

அவர் ஆட்டத்தை விட்டு 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்குக் கிடைக்கவில்லை. 1991-ல் ஐந்தாம் இடம் வந்தார், அவ்வளவுதான். ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டிலும் ஆடியிருக்கிறார், இரண்டு கிளப்பின் ரசிகர்களும் அவரைத் தங்கள் பெரிய வீரர்கள் வரிசையில் வைப்பதில்லை. மேனேஜராகப் பெரிய லீக் எதையும் வென்றதில்லை. அவரைவிட அதிகம் வென்ற எத்தனையோ பேரை இணையம் மறந்துவிட்டது. இவரை மட்டும் ஏன் இத்தனை பிரியமாக வைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் இன்று மாலை நான் பேச வந்த விஷயம்.

1969 ஜனவரியில், மேற்கு ஜெர்மனியின் ஷ்வென்னிங்கன் நகரத்தில் பிறந்தவர். யூகோஸ்லாவியாவிலிருந்து அங்கே வேலைக்குப் போன குடும்பம். அப்பா குரோஷியர், அம்மா செர்பியர். அன்றைக்கு இது யாரும் கவனித்துச் சொல்லும் செய்தியே இல்லை. சிறுவனாக ஊர் திரும்பி, ஸாக்ரெப் நகரத்தின் டினாமோ கிளப்பில் ஆடப் பழகினார். டினாமோவின் கோச் மிரொஸ்லாவ் பிளாஷெவிச். வாய்க்கு வந்ததைப் பேசுவதில் புகழ்பெற்ற மனிதர். இந்தப் பையன் கால்பந்தாட்டக்காரன் ஆனால் என் கோச் சான்றிதழையே தின்றுவிடுகிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அவர் என்ன வார்த்தையில் சொன்னாரோ, டினாமோ பையனைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் நடந்த உண்மை. 1987-ல் ப்ரொசினெச்கி பெல்கிரேடுக்குப் போய் ரெட் ஸ்டார் கிளப்பில் சேர்ந்தார். ஸாக்ரெப்பின் டினாமோவும் பெல்கிரேடின் ரெட் ஸ்டாரும் எப்படிப்பட்ட எதிரிகள் என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்தின் கனம் புரியும்.

அதே ஆண்டு சிலியில் இளைஞர் உலகக் கோப்பை. யூகோஸ்லாவிய அணியில் போபன், ஷூகர், மியாட்டோவிச், யார்னி, ஸ்டிமாச், இவர். இகோர் ஸ்டிமாச்சை நமக்குத் தெரியும். 2019 முதல் 2024 வரை இந்திய அணிக்குக் கோச்சாக இருந்து, தோற்றாலும் ஜெயித்தாலும் செய்தியாகிக்கொண்டிருந்தவர். அவர்தான். காலிறுதியில் பிரேசிலை வீழ்த்திய கடைசி நிமிட கோல் ப்ரொசினெச்கியுடையது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பரிசும் அவருக்குத்தான். ஆனால் இறுதி ஆட்டத்தில் அவர் இல்லை. அட்டைகள் சேர்ந்து தடையாகிவிட்டது. மேற்கு ஜெர்மனியைப் பெனால்டியில் வென்று கோப்பை வாங்கிய அணியில், போட்டியின் நாயகன் வெளியே உட்கார்ந்திருந்தார். பெரிய நாளில் ஏதாவது ஒன்று விட்டுப்போவது அவர் வாழ்க்கையில் இதோடு நிற்கவில்லை.

1991 மே 29, இத்தாலியின் பாரி நகரம், ஐரோப்பியக் கோப்பை இறுதி. ரெட் ஸ்டாரும் பிரான்சின் மார்செய்யும். அந்த ரெட் ஸ்டார் அணியைக் கொஞ்சம் பாருங்கள். கோல் அடிக்கும் பாஞ்செவ் மாசிடோனியர். சவிச்செவிச் மாண்டினீக்ரோக்காரர். தடுப்பாட்டத்தில் பெலோடெடிச், ருமேனியாவிலிருந்து தப்பி வந்தவர். நடுவில் அப்பா குரோஷியரும் அம்மா செர்பியருமான ப்ரொசினெச்கி. ஒரு நாட்டின் படம் ஒரே சட்டையில். பெனால்டியில் 5-3 என்று வென்றார்கள், முதல் பெனால்டியை அடித்தவர் ப்ரொசினெச்கி. அந்த வெற்றிக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் தனிநாடு என்று அறிவித்தன. பிறகு போர்.

போர் முடிந்தபின் ஒவ்வொரு புதிய நாடும் தனக்கென்று ஒரு விளையாட்டு வரலாற்றை எழுதிக்கொண்டது. போபன் விஷயத்தில் குரோஷியாவுக்குச் சிரமமே இல்லை. 1990 மே மாதம் டினாமோ-ரெட் ஸ்டார் ஆட்டத்தன்று மூண்ட மாக்ஸிமிர் மைதானக் கலவரத்தில் போலீஸ்காரரை உதைத்தவர் அவர்; நேராகக் காவியத்துக்குள் போய்விட்டார். ப்ரொசினெச்கியை எங்கே வைப்பது? அதே மாதத்தில் அவர் எதிரணி கிளப்பின் ஆள். செர்பியாவுக்கும் அதே சங்கடம். தங்கள் மண்ணின் கிளப் வென்ற ஒரே ஐரோப்பியக் கோப்பையில் நடுக்களத்தை ஆண்டவர், பிறகு குரோஷியச் சட்டை போட்டுக்கொண்டு உலகக் கோப்பை ஆடினார். மாட்ரிட்டுக்கு அவர் ஏமாற்றம். பார்சிலோனாவுக்கு ஒரு சீசன். யாருடைய அருங்காட்சியகத்திலும் அவருக்கு ஒரு மூலை இருக்கலாம், நடுக்கூடம் இல்லை. பாகப்பிரிவினையில் யார் பேருக்கும் பட்டா மாறாமல் நின்றுவிட்ட பொதுக்கிணறு மாதிரி. அப்படிப்பட்ட கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுப்பார்கள். தூர்வாரும் செலவை யாரும் ஏற்கமாட்டார்கள்.

இணையம் அந்தப் பொதுக்கிணற்றைத்தான் கண்டுபிடித்தது. ரெட் ஸ்டார்காரர் தன்னிடம் இருந்த பழைய வீடியோ நாடாவிலிருந்து ஒரு துண்டை ஏற்றுகிறார். ஸாக்ரெப்காரர் 1998-லிருந்து ஒரு துண்டு. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் ரசிகர் ஒரு துண்டு. ஒவியேடோவில் ஒருவர், செவில்லாவில் ஒருவர். எந்தக் கூட்டமைப்பும் எந்தக் கிளப்பும் கூட்டிச் சேர்க்காத வாழ்க்கையைத் தெருவில் போகிறவர்கள் சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு கிளப்புக்கு ஆடியவருக்கு இந்த வாய்ப்பு வராது. அவருடைய நினைவை அந்தக் கிளப்பே பெட்டியில் போட்டுப் பூட்டி, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து காட்டும். என்னைக் கேட்டால் அவருடைய இணையப் புகழின் வேர் இதுதான்: பந்தை அவர் இழுத்த அழகு இரண்டாவது, சொந்தக்காரர் இல்லாதது முதலாவது.

இரண்டாவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒரு தொழில்நுட்ப விஷயம், யாரும் அதிகம் பேசுவதில்லை. கைபேசியை நாம் நிமிர்த்திப் பிடிக்கிறோம். மைதானமோ படுத்துக் கிடக்கிறது. பழைய தொலைக்காட்சிப் படத்தை நிமிர்ந்த திரைக்கு வெட்டும்போது இரண்டு பக்கமும் போய்விடும். நாற்பது மீட்டர் பாஸ் ஒன்று கிளம்பிய நொடியிலேயே திரையை விட்டு வெளியேறிவிடும், அது யார் காலில் விழுந்தது என்று தெரியாது. தடுப்பாட்டக்காரர் சரியான இடத்தில் நின்றதால் வராமலே போன ஆபத்து, அது எந்தத் திரையிலும் தெரியாது. ஆனால் இரண்டு சதுர மீட்டரில் ஒருவர் இன்னொருவரை ஏமாற்றுவது, அது நிமிர்ந்த திரைக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். ப்ரொசினெச்கியின் ஆட்டம் அந்த இரண்டு சதுர மீட்டரில் நடந்தது. வேகத்தால் அவர் ஆளைக் கடப்பதில்லை. பந்தை நிறுத்துவார், எதிராளியை யோசிக்கவிடுவார், அவர் யோசித்து முடித்ததும் கிளம்புவார். படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அந்த நிறுத்தம் தெரியும்.

எதிர்ப்பக்கம் ஒருவரைச் சொல்கிறேன். விளாடிமிர் யூகோவிச். அதே 1991 ரெட் ஸ்டார் அணியில் இருந்த இன்னொரு நடுக்கள ஆட்டக்காரர். 1996-ல் யுவெண்டஸ் அணியோடு ரோமில் அயாக்ஸை வென்று இரண்டாவது ஐரோப்பியக் கோப்பையும் வாங்கினார். கோப்பையை முடிவு செய்த பெனால்டி அவருடையது. கோப்பைக் கணக்கில் ப்ரொசினெச்கி அவர் பக்கத்தில் நிற்க முடியாது. யூகோவிச்சின் துண்டுக் காட்சி கடைசியாக உங்கள் கைபேசியில் எப்போது வந்தது? வந்திருக்காது. அவர் ஓடியது, மூடியது, எளிமையாகக் கொடுத்தது எல்லாம் திரைக்கு வெளியே நடந்த வேலை. (சிரிப்பு.) சிரிக்காதீர்கள், இது அநியாயம்தான்.

அநியாயம் ப்ரொசினெச்கிக்கும் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் வாழ்க்கையின் உச்சம் பாரியில் நடந்த அந்த இரவு. அதிலிருந்து எடுத்துப் போட நல்ல துண்டு ஒன்றாவது இருக்கிறதா? கிட்டத்தட்ட இல்லை. கோச் லியூப்கோ பெட்ரோவிச், மார்செய் அணி எதிர்த்தாக்குதலில் நம்மைக் கொன்றுவிடும், ஆகவே முன்னேறாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஐரோப்பாவிலேயே அழகாகத் தாக்கும் அணி 120 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பந்து காலில் இருந்தால் நாடகம் நடத்தும் 22 வயதுப் பையன், பந்து இல்லாமல் ஓடினார். பார்க்கச் சலிப்பான இறுதி ஆட்டங்களின் பட்டியலில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. அவர் வென்ற மிகப் பெரிய கோப்பை, அவர் தன்னை அடக்கிக்கொண்டதால் வந்த கோப்பை. இணையத்தில் உலவும் ப்ரொசினெச்கிக்கு அடக்கமே தெரியாது.

பிறகு மாட்ரிட். 1991 கோடையில் போனார், தசைக் காயம், மறுபடி காயம், முதல் சீசனில் லீக் ஆட்டங்களை விரல்விட்டு எண்ணலாம். ஏன் இத்தனை காயம் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒவியேடோவுக்கு ஒரு சீசன் இரவல் போனார். அங்கே ரடோமிர் அன்டிச் கோச், கால்கள் திரும்பின. அதைப் பார்த்து யோஹன் க்ரைஃப் பார்சிலோனாவுக்கு அழைத்தார், அங்கேயும் காயம். அடுத்து செவில்லா, அந்த ஆண்டு செவில்லா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒரு கால்பந்தாட்டக்காரர் உச்சத்தில் இருக்க வேண்டிய 22 வயது முதல் 28 வயது வரை இப்படிக் கழிந்தது. துண்டுக் காட்சிகளை ஒட்டிப் பார்ப்பவருக்கு இந்த ஆறு ஆண்டு தெரியாது. 1991-லிருந்து 1998-க்கு ஒரே தாவல்.

1998-ல் அவரை உலகக் கோப்பைக்கு அழைத்துப் போனவர் யார் தெரியுமா? சான்றிதழைத் தின்பதாகச் சொன்ன அதே பிளாஷெவிச். ஜமைக்காவுக்கு எதிராக, இடதுபக்கம் கோல்கோட்டை ஒட்டி, கோல் போடவே முடியாத கோணத்திலிருந்து ஒரு பந்தைக் கீப்பருக்கு மேலே அனுப்பினார். எல்லோரும் நடுவுக்கு அனுப்புவார் என்று எதிர்பார்த்தார்கள். அந்தக் கோலை இன்றும் பார்க்கலாம், அலுக்காது. அரையிறுதியில் பிரான்ஸ் 2-1 என்று முன்னே போனபின் பிளாஷெவிச் ப்ரொசினெச்கியை இறக்கியது கடைசி நிமிடங்களில்தான். ஏன் அவ்வளவு தாமதம் என்று குரோஷியாவில் இன்னும் கேட்கிறார்கள். மூன்று நாள் கழித்து நெதர்லாந்துக்கு எதிராக முதலிலிருந்தே ஆடினார், 14-வது நிமிடத்தில் பெட்டிக்குள் திரும்பி அடித்தார். நாடு பிறந்து ஏழே ஆண்டு, உலகத்தில் மூன்றாம் இடம்.

இப்போது சிகரெட் விஷயம். அவர் புகைப்பார் என்பது ஊரறிந்தது. இணையத்தில் அவருடைய புகழில் பாதி இதில் ஓடுகிறது. உடற்பயிற்சி அட்டவணை, உணவு அட்டவணை, தூக்க அட்டவணை என்று வாழும் இன்றைய வீரர்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, ஆட்டம் முடிந்து புகைவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு மேதை தேவைப்படுகிறார். எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. வருத்தமான ஒரு விஷயத்தை வேடிக்கையாக மாற்றிவிடுகிறது, அதனால்தான். காயத்தில் போன ஆறு ஆண்டை ஒரு சிகரெட் நகைச்சுவை மூடிவிடுகிறது. அவர் கவலையே இல்லாமல் ஆடினார் என்று நம்புவது நமக்கு வசதி. கவலையில்லாதவர் யாரும் 35 வயது வரை ஏழெட்டு ஊர் மாறி ஆடிக்கொண்டிருக்கமாட்டார்.

அந்த ஊர்களில் ஒன்று போர்ட்ஸ்மவுத். 2001-02 சீசன், இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவு, மழையும் சேறும். ஐரோப்பியக் கோப்பை வாங்கியவர், மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் ஆடியவர், 32 வயதில் அங்கே வந்து நிற்கிறார். அதே அணியில் ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு ஓர் இளைஞர், பீட்டர் க்ரவுச், பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடியவர். பந்தைத் தூக்கி அனுப்ப ப்ரொசினெச்கிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. க்ரவுச் அந்த நாட்களைப் பற்றி இன்றும் ஆசையாகப் பேசுகிறார். 2002 பிப்ரவரியில் பார்ன்ஸ்லிக்கு எதிராக ப்ரொசினெச்கி மூன்று கோல் அடித்தார், ஆட்டம் 4-4 என்று முடிந்தது. மூன்று கோல் அடித்தும் வெல்ல முடியாத அணியில் ஒரே ஒரு சீசன் இருந்தார். மாட்ரிட்டில் மூன்று ஆண்டு இருந்து கிடைக்காத பிரியம் அங்கே கிடைத்தது. இணையத்தில் அவருக்காக உருகும் ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு சீசனின் பிள்ளைகள்.

மேனேஜர் ப்ரொசினெச்கிக்கு வருகிறேன். இங்கே இணையம் ஏறக்குறைய மௌனம். 2006 முதல் 2010 வரை குரோஷிய அணியில் ஸ்லாவென் பிலிச்சுக்கு உதவியாளர். 2010 டிசம்பரில் ரெட் ஸ்டாரின் தலைமைக் கோச். போர் முடிந்து பதினைந்து ஆண்டு ஆன நிலையில், பெல்கிரேடின் அந்தக் கிளப்புக்கு ஒரு குரோஷியர் கோச்! 2012-ல் செர்பியக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். பிறகு துருக்கி, அஜர்பைஜான், 2018-ல் போஸ்னியா, 2024-ல் மாண்டினீக்ரோ. போஸ்னியாவை நேஷன்ஸ் லீகின் முதல் பிரிவுக்கு உயர்த்தினார். ஆட்டக்காரராகக் கடைசிக் காலத்தில் ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லியூப்லியானாவிலும் இருந்தவர். கூட்டிப் பாருங்கள்: பழைய யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளில் ஐந்தில் சம்பளம் வாங்கியிருக்கிறார், மாசிடோனியா மட்டும் பாக்கி. அரசியல்வாதி யாரும் போக முடியாத வழியில் ஒரு கால்பந்தாட்டக்காரர் வேலை கேட்டுப் போயிருக்கிறார், எல்லா இடத்திலும் கதவு திறந்திருக்கிறது. முதலில் சொன்ன பொதுக்கிணறு இங்கேதான் நிஜமாகவே பயன்பட்டது. இதைக் காட்டும் துண்டுக் காட்சி எதுவும் ஓடுவதில்லை.

அதில் ஓர் ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். 2015 செப்டம்பர் 3, பாகு நகரம். அஜர்பைஜானும் குரோஷியாவும், யூரோ 2016 தகுதிச் சுற்று. ஒரு பக்கம் கோச் ப்ரொசினெச்கி. எதிர்ப்பக்கம் நிகோ கோவாச், அவரும் குரோஷிய நடுக்கள ஆட்டக்காரராக இருந்து கோச் ஆனவர். பெர்லினில் பிறந்தவர், நாட்டுக்காக 83 ஆட்டம். ப்ரொசினெச்கி குரோஷியாவுக்கு ஆடியது 49. கோவாச் பந்தைப் பறிக்கும் வகை, பின்னே இழுத்து ஆளை ஏமாற்றும் வகை அல்ல. குரோஷியாவிடம் மோட்ரிச் தலைமுறை, அஜர்பைஜானிடம் பெயர் சொல்ல ஒருவரும் இல்லை. ஆட்டம் 0-0. அடுத்த ஆட்டத்தில் நார்வேயிடம் தோற்றதும் சில நாளில் கோவாச்சின் வேலை போனது. வேலையைப் பறித்ததில் பாதிப் பங்கு, அடக்கமே தெரியாது என்று இணையம் கொண்டாடும் மனிதர் தன் ஆட்களை ஒழுங்காக நிறுத்திவைத்துக் காப்பாற்றிய ஒரு புள்ளி. கோவாச் அதன்பின் எழுந்துகொண்டார். 2018-ல் ஃப்ராங்க்ஃபர்ட் அணியோடு பயர்னை 3-1 என்று வீழ்த்தி ஜெர்மன் கோப்பையை வாங்கினார், பயர்னுக்கே கோச் ஆனார், அங்கேயும் லீகையும் கோப்பையையும் வென்றார். அவருடைய இணையப் புகழ் ஒவ்வொரு வாரமும் புள்ளிப் பட்டியலோடு ஏறும், இறங்கும். ப்ரொசினெச்கியுடையது எதனோடும் இறங்குவதில்லை, ஏனென்றால் அவர் இப்போது செய்யும் எந்த வேலையோடும் அதற்குத் தொடர்பில்லை. உயிரோடிருக்கும் ஒருவருக்கு இது பாராட்டா தண்டனையா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

அவரைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சிபாரிசு. துண்டுகளை விட்டுவிட்டு இரண்டு முழு ஆட்டம் பாருங்கள், தேடினால் கிடைக்கும். ஒன்று, 1991 ஏப்ரல் 10, மியூனிக்கில் பயர்னுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டம். முதல் பாதி முடியும் நேரத்தில், தன் பக்கத்துப் பாதியிலிருந்து வலதுபுறம் சக ஆட்டக்காரர் பினிச்சுக்கு அவர் கொடுக்கும் பாஸைக் கவனியுங்கள். பினிச் அதை நடுவுக்கு அனுப்ப, பாஞ்செவ் கோல். நிமிர்ந்த திரையில் அந்தப் பாஸ் பாதியிலேயே காணாமல் போகும், ஆகவே கைபேசியைப் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பாரி இறுதி ஆட்டம். மியூனிக்கை முடித்துவிட்டுத்தான் பாரிக்குப் போக வேண்டும், வரிசை மாறினால் பாதியிலேயே தூங்கிவிடுவீர்கள். (சிரிப்பு.) யூகோவிச்சையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது வந்து எனக்குச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசத் தயார். நேரம் இருக்கிறது, கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.